வால்வைத் திறக்காதவள்

உப்பளங்களுக்கு நடுவே ஒரு தொழிற்பயிற்சி நிலையம் இருந்தது. ஊர்ப் பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் ஆளாளுக்கு எங்கள் ஊர்தான் என்பார்கள். இரண்டாவதே பரவாயில்லை என்று விட்டுவிடுகிறேன்.

அங்கே ஏ.சி. மெக்கானிக் பிரிவுக்குப் பயிற்றுநர் இசக்கியப்பன். ஐம்பது வயது. முதல்வர் ரத்னாபாய். அவருக்கு நாற்பத்து நான்கு. தன்னைவிட இளையவரைக் குரு என்று சொல்லிக்கொள்ள இசக்கியப்பனுக்குக் கூச்சம் கிடையாது. டீக்கடையில் மற்ற பயிற்றுநர்கள், "சிஷ்யப்பிள்ளை வந்தாச்சு, அவருக்கும் ஒண்ணு போடுங்க" என்று கிண்டலடிப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே டீயை வாங்கிக் குடிப்பார்.

அவர் சிஷ்யரானது இப்படித்தான்.

ரத்னாபாய் முதல்வராக வந்த புதிதில் ஸ்டோர் ரூமைத் திறந்து காட்டச் சொன்னார். மூலையில் ஒரு எந்திரம் நின்றது. வந்த நாளில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. உறையின் மேலேயே சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தது. கழுத்து மாதிரி இருந்த இடத்தில் காய்ந்த மாலை ஒன்று தொங்கியது. ஏ.சி.யைப் பழுது பார்க்கும்போது உள்ளே மிச்சமிருக்கிற கேஸைக் காற்றில் விடாமல் உறிஞ்சி, சிலிண்டரில் சேர்த்து வைக்கிற எந்திரம் அது.

"இது எப்ப வந்தது?"

"நாலஞ்சு வருசம் இருக்கும் மேடம்."

"ஓட்டியிருக்கீங்களா?"

"ஆயுத பூஜைக்கு வருசா வருசம் மாலை போட்டுருவோம்."

"ஓட்டியிருக்கீங்களான்னு கேட்டேன்."

இசக்கியப்பன் தலையைச் சொறிந்தார். "ஓட்டி ரிப்பேராயிட்டுன்னா ஆடிட்டுல யாரு மேடம் பதில் சொல்லுதது? ஓட்டாம இருந்தா ரிப்பேரே ஆகாதுல்லா."

"அப்ப பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் குடுக்கீங்க?"

"வால்வத் தொறந்துருவோம். புஸ்ஸுன்னு வெளிய போயிரும். சோலி முடிஞ்சுது."

அறையைக் குளிர வைக்கிற அந்த வாயு வெளியே போனால், கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். இது அவர்கள் பாடப் புத்தகத்திலேயே இருந்தது. இசக்கியப்பன் அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, பிள்ளைகளையும் எழுதச் சொல்லிவிட்டு, பட்டறைக்குக் கூட்டிப்போய் வால்வைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். இதில் ஏதோ இடிக்கிறதே என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ரத்னாபாய் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. மாலையைக் கழற்றி ஓரமாக வைத்தார். கத்தரிக்கோல் கொண்டுவரச் சொல்லி உறையைக் கிழித்தார்.

"ரிப்பேரானா நான் பதில் சொல்றேன்" என்றார்.

அன்று சாயங்காலம் இருவரும் பட்டறைத் தரையில் உட்கார்ந்து, எந்திரத்தோடு வந்த கையேட்டைப் படித்துப் படித்து அதை ஓட்டினார்கள். முதல்வர் என்று ஒருவர் தரையில் உட்கார்ந்து இசக்கியப்பன் பார்த்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கே அவர் சிஷ்யராகிவிட்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு அது ஒரு வெறியாகவே ஆகிவிட்டது. கேஸைப் பிடிக்கத் தெரியாதவன் மெக்கானிக்கே இல்லை என்பார். பட்டறையில் புஸ்ஸென்று சத்தம் கேட்டால், சத்தத்துக்குக் காரணமானவன் அன்று முழுவதும் வெளியே நிற்க வேண்டியதுதான். பிள்ளைகள் பயந்துபோய் ஒழுங்காகச் செய்தார்கள். படிப்பை முடித்து வெளியே போனார்கள். போன முதல் வாரத்திலேயே வால்வைத் திறந்துவிட்டார்கள். வெளியே யாரிடமும் அந்த எந்திரம் கிடையாது, வாங்கும் யோசனையும் கிடையாது. இசக்கியப்பனுக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டே அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்கும் அதே பாடத்தை அதே சத்தத்தில் நடத்தினார்.

இப்படி ஆறு வருடம் ஓடியது. ரத்னாபாய்க்கு வேறு ஊருக்கு மாறுதல் வந்தது. அடுத்த முதல்வர் வரும்வரை பொறுப்பை இசக்கியப்பன் பார்க்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். அவருக்கு அதில் சந்தோஷம் கொஞ்சம், பயம் நிறைய. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல்வர் அறைக்குப் போனார். ரத்னாபாய் அலமாரியைக் காலி செய்து சாமான்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"நீங்க செஞ்சதெல்லாம் கெட்டுப்போயிராம இந்த எடத்த நான் எப்படி நடத்தணும்?"

"நான் என்ன செஞ்சேன்?"

"என்ன மேடம் இப்படிக் கேக்கீங்க. கூரைல சோலார் போட்டீங்க. பட்டறத் தண்ணியத் தோட்டத்துக்குத் திருப்பி விட்டீங்க. இந்த உப்பு மண்ணுல மரம் வச்சீங்க. நாலு ஊர்லேர்ந்து வந்து பாத்துட்டுப் போறாவ."

"ஆமா, வந்து பாத்துட்டுத்தான் போறாங்க" என்றார் ரத்னாபாய். ஒரு கண்ணாடிக் கேடயத்தைக் கையில் எடுத்தார். பசுமை வளாகம் என்று அதில் பொறித்திருந்தது. எந்தப் பெட்டியில் வைப்பது என்று தெரியாதவர் போலக் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்திருந்துவிட்டு, மறுபடி அலமாரியிலேயே வைத்துவிட்டார்.

இசக்கியப்பன் பதிலுக்குக் காத்திருந்தார். அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள்.

முத்துப்பேச்சி. இசக்கியப்பனிடம் படித்தவள். அவள் படித்த ஆண்டில் அவருடைய பிரிவில் இருந்த ஒரே பெண். தாமிரக் குழாயைப் பற்றவைப்பதில் அவள் கை அவருடைய கையைவிடச் சுத்தம் என்று அவரே எல்லாரிடமும் சொல்லுவார். அவளுடைய அம்மா உப்பளத்தில் வேலை பார்த்தவள். உப்பின் வெள்ளையில் பட்டுத் தெறிக்கிற வெயிலில் கண் போய், இப்போது வீட்டோடு இருக்கிறாள். வேறு ஆள் இல்லை. குடும்பம் முத்துப்பேச்சியின் சம்பளத்தில்தான் ஓடியது.

"உள்ள வா பிள்ள. கென்னடி அண்ணாச்சி லீவு விட்டுட்டாவளா?"

"நிப்பாட்டிட்டாவ சார்."

"யார?"

"என்னத்தான்."

கென்னடி அண்ணாச்சி அந்த ஊரில் பெரிய ஏ.சி. சர்வீஸ்காரர். கெட்ட மனிதர் இல்லை. பொம்பளப் பிள்ளைக்கு இந்த வேலை எதுக்கு என்று எல்லாரும் கேட்டபோது, வரட்டும் என்று அவர்தான் சேர்த்துக்கொண்டார். தகராறு வால்வில் வந்தது. போகிற வீடுகளில் எல்லாரும் கேஸைத் திறந்துவிடுவார்கள். முத்துப்பேச்சி திறக்க மாட்டாள். ஒரு எந்திரம் வாங்குங்கள் அண்ணாச்சி என்று கேட்டாள்.

"அத வச்சு உறிஞ்சிக்கிட்டு இருக்க நேரத்துல இன்னொரு வீட்டப் பாத்துரலாம் தாயி" என்றார் அவர். "அந்த நேரத்துக்கு எந்த வீட்டுக்காரன் கூலி குடுப்பான்? நீயே சொல்லு."

 ஆனாலும் முத்துப்பேச்சி திறக்கவில்லை. கோடையில் போன் ஓயாமல் அடிக்கிற நேரத்தில், ஒரு வீட்டு மொட்டைமாடியில் வால்வுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அண்ணாச்சி வேறு ஆளை அனுப்பித் திறக்க வேண்டியதாயிற்று. அடுத்த வாரம் இன்னொரு வீட்டில் அதே கதை. ஏன் திறக்கக் கூடாது என்று வீட்டுக்காரரிடம் விளக்கிச் சொன்னாள். அவர் அண்ணாச்சிக்குப் போன் போட்டு, "ஏ.சி. பாக்க ஆள் கேட்டா டீச்சர அனுப்பியிருக்கீங்களே" என்றார். அண்ணாச்சி எத்தனை நாள் பொறுப்பார்.

"பொறவு எங்கயும் எடுக்கலயா?"

"ஊர்ல எல்லாக் கடைக்கும் தெரிஞ்சுபோச்சு சார். தொறக்காத பிள்ளன்னுதான் சொல்லுதாவ."

"இப்ப என்ன செய்யுத?"

"ரெண்டு மாசமா உப்புச் சுமக்கப் போறேன்."

இசக்கியப்பன் அவள் கைகளைப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் உப்பு அரித்து வெடித்திருந்தது.  உட்காரச் சொல்லக்கூட மறந்து நின்றுகொண்டிருந்தார். ரத்னாபாய்தான் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் நுனியில் உட்கார்ந்தாள்.

"பைபாஸ் ரோட்டுல புதுசா ஒரு ஏ.சி. கடை தொறந்திருக்காவ சார். வெளியூர்க்காரவ. நாளைக்குக் காலைல வேலைக்கு வரச் சொல்லியிருக்காவ. என்னப் பத்தி யாரோ அவியகிட்டயும் சொல்லிட்டாவ போல. தொறந்து விடுவியா, இல்ல இங்கயும் வந்து பாடம் நடத்துவியான்னு கேட்டாவ."

"நீ என்ன சொன்ன?"

"நாளைக்குச் சொல்லுதேன்னுட்டு வந்தேன்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் சுடிதார்த் துப்பட்டாவின் ஓரத்தைத் திருகிக்கொண்டே பேசினாள்.

"நீங்க தொறக்கக் கூடாதுன்னு சொன்னிய. அதான் தொறக்கல. இப்ப நீங்களே ஒங்க வாயால சொல்லிருங்க சார். தொறக்கவா, வேண்டாமா?"

இசக்கியப்பன் யோசித்துப் பார்த்தார். திற என்றால் இத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் வீண். திறக்காதே என்றால் அவளை உப்பளத்துக்கு அனுப்புகிறவர் அவர்தான். இரண்டில் எதையும் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை.

"வேற எடம் ஏதாவது பாப்போம் பிள்ள" என்றார்.

"பாத்துட்டேன் சார். இது ஒண்ணுதான் மிச்சம்."

அவர் குருவின் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க சொல்லுங்க."

ரத்னாபாய் யாருக்காவது போன் செய்வார், எங்காவது ஒரு வேலைக்குச் சொல்லி வைப்பார் என்று இசக்கியப்பன் நினைத்தார். இல்லாவிட்டால் மனம் தேறும்படி ஒரு வார்த்தையாவது சொல்வார். இத்தனை வருடத்தில் எதற்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது.

"அம்மாவுக்குக் கண்ணு எப்படி இருக்கும்மா?" என்று கேட்டார் ரத்னாபாய்.

"வெளிச்சம் தெரியுது மேடம். ஆளு தெரியல."

ரத்னாபாய் அவள் கைகளைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"தொறந்து விடும்மா."

"மேடம்" என்றார் இசக்கியப்பன்.

ரத்னாபாய் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "நாளைக்கு வேலைக்குப் போ. அவங்க தொறக்கச் சொன்னா தொறந்துரு."

முத்துப்பேச்சி அவரையே பார்த்தாள். சந்தோஷப்பட்ட மாதிரி இல்லை. "அப்ப சார் சொல்லிக் குடுத்தது தப்பா மேடம்?"

"இல்ல. சரியாத்தான் சொல்லிக் குடுத்தாரு."

"பின்ன ஏன் தொறக்கச் சொல்லுதிய?"

"நாங்க செய்யாதத உன்னச் செய்யச் சொல்லி அனுப்பிட்டோம். அதுக்குத்தான்."

முத்துப்பேச்சி சுவரில் இருந்த ஏ.சி.யை நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியும் மேடம்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"இதுக்கும் கென்னடி அண்ணாச்சி ஆளுகதான வாராவ. நாங்க படிக்கும்போதும் ஒரு நா வந்தாவ. இதோட வெளிப்பெட்டி எங்க கிளாஸ் ஜன்னலுக்கு நேராத்தான் இருக்கு. சார் போர்டுல எழுதிப் போட்டுப் பாடம் நடத்திக்கிட்டு இருந்தாவ. வெளிய கேஸு போற சத்தம் கேட்டுச்சு. சார் பாடத்த நிப்பாட்டாமலே நடந்து போயி ஜன்னலச் சாத்துனாவ. எல்லாருக்குந்தான் கேட்டுச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல."

இசக்கியப்பன் தரையைப் பார்த்தார். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடக் கூடுதல் இல்லை.

அந்த நிலையத்தின் ஏ.சி.களைப் பராமரிக்கிற வேலை, குறைந்த விலை சொல்கிறவருக்குத்தான் போகும். அதுதான் விதி. ஒவ்வொரு வருடமும் கென்னடி அண்ணாச்சிதான் குறைத்துச் சொல்வார். கேஸைப் பிடித்துத்தான் வேலை செய்ய வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்க்கலாமா என ரத்னாபாய் முதல் வருடம் மேலிடத்தைக் கேட்டார். விதியில் இடமில்லை என்றார்கள். இரண்டாம் வருடமும் கேட்டார். அதே பதில். மூன்றாம் வருடம் கேட்கவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். வேலை திருப்தியாக முடிந்தது என்று பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறவர் இசக்கியப்பன். பட்டறையில் எந்திரம் சும்மாதான் நின்றது. பிள்ளைகளின் பயிற்சிக்கு வந்ததை வெளியாளிடம் கொடுக்கக் கூடாது. அதுவும் விதிதான். விதியை மீறாமல் இருவரும் ஆறு வருடம் ஒழுங்காக வேலை பார்த்திருந்தார்கள்.

"அந்தச் சத்தத்தக் கேட்டுட்டுத்தான பிள்ள எல்லாவனும் போய்த் தொறந்தான்" என்றார் இசக்கியப்பன்.  "நீயும் கேட்டிருக்க. பொறவு நீ மட்டும் ஏன் தொறக்கல?"

"ஜன்னலச் சாத்திட்டுத் திரும்பும்போது ஒங்க மொகத்தப் பாத்தேன் சார். வெக்கப்பட்டிய." அவள் கொஞ்சம் யோசித்தாள். "இம்புட்டு வெக்கப்படுதாவன்னா, அவிய சொன்னது நெசமாத்தான் இருக்கணும்னு நெனச்சேன்."

 முத்துப்பேச்சி எழுந்தாள். நாற்காலியை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள்.

"சரி மேடம். நாளைக்குப் போறேன்."

"போயிட்டு வாம்மா."

"வாரேன் சார்."

இசக்கியப்பன் தலையை ஆட்டினார். அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள். கேட் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டைத் தாண்டிய பிறகும் அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரத்னாபாய் மறுபடி பெட்டியில் சாமான்களை அடுக்க ஆரம்பித்தார்.

"நீங்க அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது மேடம்."

"வேற என்ன சொல்லியிருக்கணும் சார்?"

"நம்ம மெஷினையாவது குடுத்து அனுப்பியிருக்கலாம்."

"சரி, குடுக்குறோம். அதுக்கு ஆகுற நேரத்துக்கு அந்தக் கடைக்காரரு கூலி குடுப்பாரா?"

"மாட்டாரு."

"அவ ரெண்டாவது நாளே வெளிய நிப்பா. அதுக்கப்புறம் இந்த ஊர்ல கதவே இல்ல அவளுக்கு."

இசக்கியப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். முத்துப்பேச்சி உட்கார்ந்திருந்த நாற்காலி இல்லை, சுவரோரமாகக் கிடந்த இன்னொன்று. இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகிற வயதில்லை என்று நினைத்திருந்தார், ஆனால் அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் தன் குருவிடம் அவருக்குக் கோபம் வந்ததும் அன்றுதான்.

"எத்தன பிள்ளைக நம்மகிட்ட படிச்சிட்டுப் போயிருக்கு" என்றார். "எல்லாம் தொறந்துட்டுதான் மேடம் பொழைக்குது. அதயும் நான் குத்தம் சொல்லல. தொறக்க மாட்டேன்னு நின்னது இவ ஒருத்திதான். ஒருத்திதான் மேடம். அவளையும் நீங்களே தொறக்கச் சொல்லி அனுப்பிட்டீங்க."

ரத்னாபாய் கையிலிருந்ததைப் பெட்டியில் வைத்தார். மூடியை மூடவில்லை.

"நின்னது நாமளா இருந்திருக்கணும் சார்" என்றார்.